மைனி திருப்பிய டிஷ்

எங்கள் மைனியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பொருள் இருந்தால், அது நேற்றுப் பார்த்த பக்கத்தையே இன்றும் பார்த்துக்கொண்டிருக்காது. கட்டிலானாலும் சரி, கோழிக்கூடானாலும் சரி, திருப்பி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. திருப்பினால் என்ன கிடைக்கும் என்று கேட்டுவிடக் கூடாது. "கிடைக்குமா கிடைக்காதான்னு திருப்பிப் பாத்தாத்தானே மக்கா தெரியும்" என்பாள். நான் அவளுக்கு நாத்தனார். நாத்தனாருக்கே வாயடைத்துப் போகிறதென்றால் மற்றவர்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு அருமனைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே தொடங்கிவிட்டாள். அப்பாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி உண்டு. ரோட்டைப் பார்த்துப் போட்டிருப்பார். போகிற வருகிறவர்களை நிறுத்தி அரசியல் பேச வேண்டும், அதற்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய்விட்டு வந்து வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். கண்ணைத் திறந்தால் எதிரே அடுக்களை. அம்மா மீன் வெட்டிக்கொண்டிருக்கிறாள். "ஏது மூதேவி இத திருப்பிப் போட்டது?" என்று அப்பா போட்ட சத்தத்தில் மீனுக்குக் காத்திருந்த பூனை ஓடிவிட்டது. மைனி உள்ளேயிருந்து வந்து, "நான்தான் மாமா. ரோட்டுல வெயிலு கண்ணுல அடிக்கும்லா" என்றாள்.

அப்பா அதை மறுபடி திருப்பவில்லை. அதற்குள் அம்மாவின் கறிக்குப் புளி போதுமா போதாதா என்று சொல்வதில் அவருக்கு ருசி கண்டுவிட்டது. "வெளிய கெடந்த சனியன எனக்க அடுக்களைக்குள்ள திருப்பி விட்டுட்டாளே" என்று அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டுவாள். சொல்லும்போது சிரிப்பாள்.

மைனி மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். இந்தக் கிறுக்கு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு தடவை என் ரவிக்கைக்குத் துணி வெட்டும்போது சொன்னாள்: "ஒரே துணிதான் மக்கா. நேரா வெட்டினா வெறச்சுகிட்டு நிக்கும். மூலைக்குக் குறுக்க திருப்பிப் போட்டு வெட்டினா உடம்போட வளையும். துணி மேல குத்தமில்ல, போட்ட போக்குலதான் இருக்கு." அதையே அவள் மனுஷருக்கும் மரச்சாமானுக்கும் எடுத்துக்கொண்டாள்.

சபையில் பெண்கள் பக்கத்தில் ஒரு பெரிய தூண். அதற்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குப் போதகர் தெரிய மாட்டார், குரல் மட்டும் வரும். ஒரு சனிக்கிழமை கோவில் பெருக்கப் போன மைனி, பெஞ்சு எல்லாவற்றையும் சரிவாகத் திருப்பிப் போட்டுவிட்டாள். மறுநாள் பெண்களுக்குப் போதகர் நன்றாகத் தெரிந்தார். போதகருக்கும் யார் யார் தூங்குகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தது. கமிட்டிக்காரர்கள் கொதித்துப்போய் அடுத்த வாரமே பழையபடி நேராக்கிவிட்டார்கள். எனக்குத்தான் ஆத்திரம். மைனி ஒன்றும் கோபப்படவில்லை. "ஒரு ஞாயிறாவது பாத்தாளுவல்லா, அது போதும்" என்றாள்.

எனக்கும் அவளுக்கும் சண்டையே வந்ததில்லை என்று சொன்னால் அது பொய். என் வீடு அடுத்த வீடு. நடுவில் மதில்கூடக் கிடையாது. நான் நாகர்கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் கோழிக்கூட்டை வாசல் கிழக்கே வரும்படி திருப்பிவிட்டாள். காலை வெயில் விழுந்தால் முட்டை கூடுமாம். முட்டை கூடியதோ என்னவோ, கோழிகள் திறந்ததும் நேரே அவள் விறகுப்புரைக்கே ஓடி அங்கே முட்டையிட்டன. "எனக்க கோழி, ஒங்க முட்டையா?" என்று பிடித்துக்கொண்டேன். பிறகு கொஞ்ச நாள் முகத்தோடு முகம் பார்க்கவில்லை. அவளோ ஒன்றுமே நடக்காத மாதிரி தினமும் முட்டையைக் கொண்டுவந்து என் சன்னலில் வைத்துவிட்டுப் போவாள். எத்தனை நாளைக்குத்தான் வீம்பு பிடிக்க முடியும்? கூடு இன்றும் கிழக்கே பார்த்துத்தான் இருக்கிறது.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மைனியைச் சொல்ல முடியாது. அண்ணன் மாலத்தீவில் கணக்கு வாத்தியார். எங்கள் பக்கத்தில் பலர் அங்கே போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் தன் நல்ல வயது முழுவதையும் அங்கேதான் கழித்தார். லீவுக்கு வருவார், போவார். முடிவாக வந்தபோது மீசை நரைத்திருந்தது. வந்தவர் ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லோரையும் ஏசிக்கொண்டு, நன்றாகத்தான் இருந்தார். ஒருநாள் குளிக்கப் போன இடத்தில் விழுந்தார். பக்கவாதம். வலது கை கால் போயிற்று. கூடவே பேச்சும் போயிற்று.

நாகர்கோவிலில் பார்த்த டாக்டர், "பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. வாய் திறந்தாலும் திறக்கலாம், திறக்காமலும் போகலாம்" என்றார். மைனி காதில் முதல் பாதிதான் விழுந்தது. பிறகு தொடங்கியது கட்டில் திருவிழா. கட்டிலை ரோட்டைப் பார்த்துத் திருப்பினாள். பலாமரத்தைப் பார்த்துத் திருப்பினாள். அடுக்களையைப் பார்த்துத் திருப்பினாள். அண்ணன் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பைபிள் வாசித்தாள், கீர்த்தனை பாடினாள், அண்ணனுக்குப் பிடிக்காத சொந்தக்காரர்களைப் பற்றியெல்லாம் புகழ்ந்து பேசிப் பார்த்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை. "ஒரு வார்த்த மக்கா. 'போ ட்டி'ன்னாவது சொல்லட்டும், நான் போயிருவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மைனி அழுவதை நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, சாத்திய கதவைத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் மாலத்தீவிலிருந்து அண்ணனிடம் படித்த ஒரு பிள்ளை போனில் முகம் காட்டிப் பேசினான். இப்போது அவனுக்கே பிள்ளைகள் இருக்கின்றன. அவன் தன் பாஷையில் ஏதோ சொல்ல, அண்ணனின் உதடு லேசாக அசைந்தது. அசைந்ததா, ஈ உட்கார்ந்ததா என்று எனக்குச் சந்தேகம். மைனிக்குச் சந்தேகமே இல்லை.

"அந்த ஊரு டிவி இங்க வந்தா கொள்ளாம் மக்கா. நாள் முழுக்க அந்தப் பேச்சு காதுல விழும்லா."

"போன்லயே பாக்கலாமே மைனி."

"இந்த ரப்பர் காட்டுல நெட்டு எங்க நிக்குது? போனக் கையில குடுத்தா தட்டி விடுதாவ. பெரிய டிவியில வரணும்."

"அந்தப் பாஷையெல்லாம் அண்ணனுக்கு மறந்திருக்கும்."

"தமிழும்தான் மறந்தாச்சு. ரெண்டும் மறந்த ஆளுக்கு எதுல தொடங்கினா என்ன?"

அருமனையில் மூடிக் கிடந்த ஒரு கேபிள் டிவி ஆபீஸ். அதன் மாடியில் ஆள் படுத்து உருளுகிற அகலத்துக்கு ஒரு பழைய டிஷ், பாசி பிடித்துக் கிடந்தது. "சவத்த எடுத்துக்கிட்டுப் போனா புண்ணியமா இருக்கும் டீச்சர்" என்றார் இடத்துக்காரர். மைனி அதைக் குட்டி லாரியில் கவிழ்த்துப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். வழியில் பார்த்தவர்களெல்லாம் எந்தச் சபையில் அசனச் சாப்பாடு, இவ்வளவு பெரிய உருளிப் பாத்திரம் எதற்கு என்று கேட்டார்களாம்.

மாலத்தீவுச் சேனல் கிழக்குப் பக்கத்து சாட்டிலைட்டில் இருந்தது. மைனி பார்க்கிற ஜெப நிகழ்ச்சியும் மலையாளப் பாட்டும் மேற்குப் பக்கத்தில். சாதாரண மனுஷி என்றால் கிழக்கே பார்த்து நட்டுவிட்டு, மேற்குக்குச் சின்னதாக இன்னொன்று வாங்கி வைப்பாள். மைனிக்குத் திருப்புவதற்கென்றே கடவுள் ஒரு பொருளைக் கொடுத்திருக்கிறார், விடுவாளா? "ஒண்ணு போதும். மோட்டார் போட்டு ரெண்டு பக்கமும் திருப்பிருவோம்" என்றாள்.

அதற்கு அவள் பிடித்த ஆள் சந்திப்பில் வெல்டிங் கடை வைத்திருக்கும் தம்பி. சொந்தத் தம்பி இல்லை, ஊரில் எல்லா ஆண்களும் அவளுக்குத் தம்பிதான். அந்தத் தம்பி துபாயில் பல வருடம் இருந்தவர். டிஷ் திருப்புகிற மோட்டார் ஒன்றும், அதைக் கம்பத்தில் மாட்டுகிற இரும்புத் தாங்கியும் அங்கிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார். "துபாயில ஒவ்வொரு மாடியிலயும் இதாக்கும். சொம்மா சுத்தும் டீச்சர்" என்றார்.

சும்மாவும் சுற்றவில்லை, சுமந்துகொண்டும் சுற்றவில்லை. அந்த மோட்டார் சின்ன டிஷ்ஷுக்குச் செய்தது. எங்கள் உருளியைத் தூக்கியதும் ஒரு முனகல் முனகிப் புகைந்துவிட்டது. சரி, மோட்டார் பிறகு பார்க்கலாம், முதலில் கையால் திருப்பிப் பார்ப்போம் என்று மாடியில் நட்ட கம்பத்தில் ஏறி நின்று தள்ளினார்கள். மேற்கே மலையாளப் பாட்டு பளிச்சென்று வந்தது. கிழக்கே திருப்பினால் ஒன்றுமில்லை. கிழக்கே சரிபண்ணினால் மேற்குப் போய்விடும். தினமும் இதே பாடு. தம்பி மேலே நின்று தள்ள, மைனி கீழே சன்னல் வழியாக டிவியைப் பார்த்து, "இல்ல... இல்ல... இன்னும் இல்ல" என்று கத்துவாள். எனக்குக் கேட்டுக் கேட்டு, தூக்கத்திலும் 'இல்ல இல்ல' என்று வந்தது. ஒருநாள் போய், "மைனி, ஒங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு. நோயாளி வீட்டுல இது என்ன கூத்து?" என்று ஏசிவிட்டு வந்தேன். "நீயும் சொல்லாத மக்கா" என்றாள், அவ்வளவுதான்.

விடை துணி காயப்போடுகிற இடத்தில் கிடைத்தது. பங்குனி கடைசி. நட்ட நடு மத்தியானம். அண்ணனின் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த மைனி, திடீரென்று காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாம்பு என்று நினைத்து நான் ஓடினேன்.

"மக்கா, எனக்க நெழலு எங்க?"

"என்ன மைனி?"

"பாரு, காலுக்கு அடியில கெடக்கு. சூரியன் நம்ம தலைக்கு மேல நேரா போவுது. அந்தத் தம்பி துபாய்க்காரன் வானத்துக்குச் சரிச்சு வச்ச மாதிரி இங்கயும் சரிச்சு வச்சிருக்கான்!"

எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு மாவை உருண்டையாக உருட்டி, இதுதான் பூமி என்று காட்டிச் சொன்னாள். சாட்டிலைட்டெல்லாம் பூமியின் இடுப்புக்கு மேலே, சூரியன் போகிற வழியை ஒட்டி, வரிசையாக நிற்குமாம். துபாயிலிருந்து பார்த்தால் அந்த வரிசை தெற்கே சரிந்து தெரியும். நாமோ இடுப்புக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம், நமக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கு மேலேயே போகும். ஆகையால் டிஷ் மல்லாந்து படுக்க வேண்டும், அது திரும்புகிற அச்சும் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். துபாய்த் தாங்கியை அவ்வளவு கீழே சாய்க்க வழியே இல்லை. இத்தனை நாள் இரண்டு பேரும் அருமனையில் நின்றுகொண்டு துபாய் வானத்தைத் தேடியிருக்கிறார்கள்! தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மைனி அவருக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள்.

இப்போது மைனி, ஆஸ்திரேலியாவில் குடியிருக்கும் தன் மகளோடு போய் இருக்கிறாள். போன வருடம்தான் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். போய் இறங்கிய மறுநாள் போன் பண்ணி முதலில் சொன்ன சங்கதி, "இங்க சூரியன் வடக்காம போவுது மக்கா, டிஷ் எல்லாம் வடக்கப் பாத்து இருக்கு. எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல, ஊரையே திருப்பி வச்சிருக்கானுவ." சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று நான் கேட்டது எதற்கும் பதில் வரவில்லை.

விட்ட இடத்துக்கு வருகிறேன். தரையோடு கிடந்து திரும்புகிற, இவ்வளவு பாரம் தாங்குகிற அச்சுக்கு எங்கே போவது? தம்பி மார்த்தாண்டத்துப் பழைய இரும்புக் கடைகளில் தேடப் போனார். மைனி எங்கள் ரப்பர் புரைக் கொட்டகைக்குள் போனாள். அங்கே ஷீட் அடிக்கிற மெஷின் நல்லமிளகுக் கொடி ஏறிக் கிடந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்பு உருளை, பக்கத்தில் பல்சக்கரம், சுற்றுவதற்குக் கைப்பிடி. உறைந்த ரப்பர் பாலை உள்ளே கொடுத்துச் சுற்றினால் மறுபக்கம் ஷீட்டாக வரும். பாலாகவே விற்கத் தொடங்கியபிறகு அதை யாரும் தொடவில்லை. "இது ஆனை ஏறினாலும் அசையாது" என்று மைனி அதன்மேல் தட்டிய தட்டில் இரண்டு பல்லி விழுந்தது.

தம்பியும், பால் வெட்ட வருகிறவரும், என் வீட்டுக்காரரும் சேர்ந்து கயிறு கட்டி அதை மாடிக்கு ஏற்றினார்கள். மைனி தையல் நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டாள். அதற்குள் வைகாசி ஆகி, உச்சி நிழல் காலடியை விட்டுத் தெற்கே விழத் தொடங்கியிருந்தது; அந்த நூலின் நிழலைத் தையல் சாக்பீசால் தரையில் கோடு போட்டாள். அந்தக் கோட்டோடு உருளை வடக்கு தெற்காகப் படுத்தது. நம் ஊர்ச் சரிவுக்காக வடக்குக் காலின் அடியில் ஒரு செங்கல். வார்ப்பிரும்பில் வெல்டிங் நிற்காது என்று தம்பி பட்டை போட்டு இறுக்கி உருளையின் முதுகில் டிஷ்ஷை மாட்டினார். கைப்பிடி இருந்த இடத்தில் சைக்கிள் செயின், அதன் மறுமுனையில் ஏதோ ஒரு லாரியின் கண்ணாடி துடைத்த வைப்பர் மோட்டார். டிஷ் ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க மறுபக்கம் பாரம் வேண்டும். மைனி என் அடுக்களைக்குள் வந்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு, "ஒனக்குத்தான் மிக்ஸி இருக்கே" என்று போய்விட்டாள். நான் ஏச வாய் திறப்பதற்குள் படியேறிவிட்டாள்.

சுவிட்ச்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அவளுடைய பழைய தையல் மெஷினின் கால்மிதியைக் கழற்றி டிவிக்கு முன்னால் வைத்து, அதன் இரு பக்கமும் அடியில் காலிங்பெல் சுவிட்சுகளைப் பொருத்தியிருந்தார்கள். கால்விரலால் அழுத்தினால் டிஷ் கிழக்கே போகும், குதிகாலால் அழுத்தினால் மேற்கே வரும். தொடக்கத்தில் அழுத்திப் பார்த்தபோது, மோட்டார் அசைவதற்குள்ளேயே சுவிட்ச் கருகி நாற்றம் எடுத்தது. கனமானதாக மாற்றினார்கள். டிஷ் மல்லாந்து கிடந்ததால் மழைத் தண்ணீர் நின்று காக்கைகள் குளித்தன. டெங்குக் கொசு பார்க்க வரும் பெண் வந்து, "டீச்சர், இவ்ளோ பெரிய பாத்திரத்துல யாராவது கொசு வளப்பாவளா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள். நடுவில் ஓட்டை போட்டார்கள்.

எல்லாம் கூடிவந்த நாள் ஒரு சாயங்காலம். அண்ணனின் கட்டில் டிவியைப் பார்த்துத் திருப்பியிருந்தது. நான் அவர் தலைமாட்டில் இருந்தேன். மாடியில் தம்பி. மைனி மிதியின் முன்னால் நாற்காலியைப் போட்டு, மெஷின் தைக்கிற மாதிரியே முதுகை நேராக்கி உட்கார்ந்தாள். "ஆண்டவரே" என்று சொல்லிவிட்டு விரலால் அழுத்தினாள்.

மேலே எழும்பியது ஒரு சத்தம். கர்த்தாவே! வருஷக்கணக்கில் துருவேறிய உருளை, அதன்மேல் அந்தப் பாரம். பல் கூசி, எலும்பு வரைக்கும் போயிற்று. என் வீட்டுக் கோழிகள் கத்துவது இங்கே கேட்டது. மைனி காலை எடுக்கவில்லை. டிவியில் புள்ளி புள்ளியாக வந்து, பிறகு சட்டென்று படம் நின்றது. நீலக் கடல். ஒருவர் செய்தி வாசிக்கிறார். மாலத்தீவு!

"வந்துட்டு! தம்பி, வந்துட்டு!" என்று மைனி கத்தினாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அண்ணன் கடலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது போலவே. செய்தி முடிந்தது. பிள்ளைகள் ஏதோ பாடினார்கள். பள்ளிக்கூடம் ஒன்றைக் காட்டினார்கள். மைனி அவர் காதுக்குப் பக்கத்தில் போய், "ஒங்க ஊருதான், பாத்தியளா? ஒங்க பிள்ளையளு" என்றாள். உதடு அசையவில்லை. ஈகூட உட்காரவில்லை.

எனக்கு மைனியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மாடியிலிருந்து தம்பி, "டீச்சர், மேற்கயும் ஒருக்கா பாத்துருவோமா?" என்று கேட்டார். மைனி வந்து உட்கார்ந்தாள். குதிகாலை வைத்தாள், அவ்வளவு மெதுவாக. மறுபடி அந்தச் சத்தம், இந்தத் தடவை இன்னும் நீளமாக.

"ஏ... ட்டி."

நான் மைனி என்று நினைத்தேன். மைனி நான் என்று நினைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணனின் முகம் கோணியிருந்தது. நல்ல பக்கத்துக் கையால் விரிப்பைப் பிடித்திருந்தார்.

மைனி இன்னொரு தடவை அழுத்தினாள்.

"கிரீ...சு. கிரீசு போடுட்டி, சவமே!"

முன்பு, அண்ணன் திரும்பி வந்து தோட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய புதிதில், தினமும் விடியற்காலையில் நாங்கள் கேட்டு எழும்பியது அந்த ஏச்சைத்தான். ஷீட் மெஷின் லேசாகக் கிறீச்சிட்டால் போதும், அண்ணன் தோட்டத்தின் எந்த மூலையில் நின்றாலும் கத்துவார். அவருக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. மாலத்தீவும் கடலும் போன வழியில் தமிழும் போயிருந்தது, இது மட்டும் போகாமல் உள்ளே கிடந்திருக்கிறது. மைனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போடுதேன், போடுதேன்" என்று சொல்லிக்கொண்டே சிரிக்கிறாள், மூக்கு ஒழுகுகிறது, அதைத் துடைக்காமல் மிதியைக் கையாலேயே அழுத்துகிறாள். அண்ணன் இன்னும் பலமாக ஏசுகிறார். நான் "ஏசுங்க அண்ணே, நல்லா ஏசுங்க" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாடியிலிருந்து இறங்கி வந்த தம்பிக்கு யார் செத்தது என்று தெரியவில்லை.

மறுநாள் தம்பி கிரீஸ் டப்பாவோடு வந்தார். மைனி அவரைப் படியேற விடவில்லை.

"சத்தம் ஊரத் தூக்குது டீச்சர்."

"தூக்கட்டும். இது போட்டா அவருக்க பேச்சு நின்னு போவும். டப்பாவ இங்க வச்சிட்டுப் போ."

பிறகு தினமும் அதுதான் எங்கள் வீட்டு வைத்தியம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை மைனி மிதியில் உட்காருவாள். டிவியில் என்ன வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அண்ணன் ஏசுவார். ஏச்சிலிருந்து மற்ற வார்த்தைகளும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. தண்ணீருக்கு 'வெள்ளம்' வந்தது. 'சாயா' வந்தது. ஒருநாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இவளுக்குக் காது செவிடா?" என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போய் அதை எல்லோரிடமும் பரிசு வாங்கியவளைப் போலச் சொன்னேன். முழுப் பேச்சு வரவேயில்லை. வந்ததில் முக்கால்வாசி ஏச்சுதான். மைனிக்கு அது போதுமாக இருந்தது. ஊரில் சத்தத்தைப் பற்றி முணுமுணுத்தவர்களிடம் நானே போய்ச் சண்டை போட்டேன்.

சில வருடம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு காலை அண்ணன் மைனி கொடுத்த சாயாவைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார், திறக்கவில்லை.

அடக்கத்தன்று எனக்கு அழவே நேரமில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி, சாயா, பாட்டுப் புத்தகம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிந்து, என் முற்றத்தில் குவிந்து கிடந்த பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஏதோ அசைவது போலிருக்க நிமிர்ந்து பார்த்தேன். டிஷ் மேற்கிலிருந்து கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

பாத்திரத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். மைனி சேலையை மடித்துச் செருகிக்கொண்டு உருளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். முழங்கை வரைக்கும் கிரீஸ். தம்பி வைத்துவிட்டுப் போன அந்த டப்பா பக்கத்தில் திறந்து கிடந்தது. கீழே யாரோ சொந்தக்காரப் பிள்ளை மிதியை அழுத்திக்கொண்டிருந்தது போலும்.

"எதுக்கு மைனி இப்பம்?" என்றேன்.

அவள் பல்சக்கரத்திலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள். "நீ எத்தனை வருசம் பொறுத்திருக்க மக்கா. ஒனக்கும் காது உண்டுல்லா."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நின்றுகொண்டே அழுதேன். மறுபக்கத்துப் பல்லுக்கு அவளுக்குக் கை எட்டவில்லை. டப்பாவை வாங்கி நான் போட்டேன்.